கயிற்றுக்குள் முளைக்காத கொடி

எதை எடுத்தாலும், எடுத்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் அந்த அக்காவால் நகர முடியாது. டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தால் பெஞ்சைப் பார்ப்பார். வேலியோரம் முருங்கைக்கீரை ஒடித்தால், கிளையில் துளிர் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் முதுகு சொறிய என் பேனாவை வாங்கினார். திருப்பிக் கொடுத்தபிறகு, அது என் சட்டைப்பையில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டதா என்று இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் அவர் செய்வது எல்லாமே எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் போகும் பஸ். ஆனி மாதம், நாவல்பழக் காலம். வழியெல்லாம் தின்றுகொண்டே வந்தவர் கொட்டைகளை முந்தானையில் துப்பித் துப்பிச் சேர்த்து வைத்திருந்தார். புடவை ஊதாவாகிவிட்டது. கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, கொட்டய ஜன்னல் வழியா வீசிட்டுக் கையத் தொடம்மா. சீட்டெல்லாம் கறையாவுது."

"எங்க வீசணுமோ அங்க வீசுவேன். நீ டிக்கெட்டக் குடு."

அனுமந்தை தாண்டி, ரோட்டோரம் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று வரும். பஸ் அங்கே வேகம் குறைந்தது. முந்தானையை ஜன்னலுக்கு வெளியே உதறினார். உதறிவிட்டு, வழக்கம்போல் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார்.

"அங்க எதுக்குக்கா?"

"தண்ணி நிக்கிற எடம் சார். பஸ்ஸுக்கு நிக்கிற சனத்துக்கு நெழலு வேணாமா?"

"மரமாவறதுக்குப் பத்து வருஷம் ஆவும்க்கா."

"அப்ப பஸ்ஸு வராதா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அது ஒரு காடு எப்படி உண்டாகிறது என்பதற்கான பதில் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எம்.எஸ்சி. தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கியவன் நான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை எழுதி அச்சிலும் வந்துவிட்டது. எழுதியவன் நான்தான். எந்த இடத்தில் எழுதினேன் என்பதைச் சொன்னால், இப்போது ஏன் எழுதவில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

சுனாமிக்கு முந்தைய மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வேலைக்குப் போனேன். உப்பளங்களைத் தாண்டிச் செம்மண் மேடு ஏறுகிற இடத்தில் ஓர் ஐயனார் கோயில். அதைச் சுற்றி அடர்ந்த காடு. பாலை, வீரை, காசான், இலுப்பை என்று வெயில் உள்ளே இறங்காத காடு. கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் நெடுகப் பரவியிருந்த வெப்பமண்டலக் காட்டின் மிச்சம் அது. அதைக் காப்பாற்றத் திட்டம் போட்ட ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு ஆய்வு உதவியாளர் வேலை. மரம் அடர்த்தியான இடமாகப் பார்த்து, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாக நான்கு முளை அடித்து, நீல நைலான் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் செடிகொடி அத்தனையையும் எண்ணி எழுத வேண்டும். இப்படிப் பன்னிரண்டு சதுரங்கள். அடுத்த வருஷமும் அதே சதுரங்களில் எண்ண வேண்டும் என்பதால் கயிற்றை அவிழ்க்காமல் விட்டுவைப்போம்.

மூன்றாவது சதுரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது புதருக்குள்ளிருந்து அக்கா வெளியே வந்தார். கையில் சின்னக் கடப்பாரை, தோளில் ஒரு சாக்கு. உப்புத்தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதங்கள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வயதைக் கேட்டால் "யாரு எழுதி வெச்சா?" என்பார். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. வீடு காட்டுக்குப் பின்னால் இருளர் குடியிருப்பில். ஒன்பது வீடுகள் அங்கே.

"கயித்தத் தாண்டலாமா, சுத்திக்கினு போவணுமா சார்?" என்று கேட்டார்.

தாண்டச் சொன்னேன். தாண்டவில்லை. என் கயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்துவிட்டார். வெற்றிலை போன்ற இலையோடு மரத்தில் ஏறும் காட்டுவள்ளிக் கொடி. அதன் அடியில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி ஒரு கிழங்கை வெளியே இழுத்தார். கொடி ஒட்டியிருந்த மேல்பகுதியை நான்கு விரல் அகலத்துக்கு அறுத்து, அதைக் குழிக்குள் திரும்ப வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மெதுவாக அழுத்தினார். மேலே சருகு போட்டார். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது?"

"தல சார். ஒடம்பு நமக்கு, தல மண்ணுக்கு."

ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நோட்டில் ஓரமாக 'சடங்கு' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மரங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் அவரையே கூப்பிட்டுக்கொண்டேன். உப்பளத்தில் வேலையில்லாத மழைநாட்கள் அவை. நான் புத்தகத்தைப் புரட்டி இலையைத் திருப்பிப் பார்த்துத் தவிக்கும்போது, அவர் பட்டையைக் கிள்ளி மோந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். ஒருநாள் பெரிய பாலைமரம் ஒன்றின் அடியில் தோண்டியபோது மண் கறுப்பாக வந்தது. சுற்றிலும் செம்மண், இங்கே மட்டும் கரி கலந்த கறுப்பு. கூடவே கறுப்பும் சிவப்புமாகப் பானையோடுகள், கிளிஞ்சல் துண்டுகள்.

"இங்கதான் சார் கெழங்கு தொட தண்டிக்கு வரும். சோறு ஆக்கின மண்ணு."

"யாரு ஆக்கினது?"

"நான் இன்னாத்தக் கண்டேன்? எங்க பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முன்னால இருந்தவங்க. துன்னாங்க, துப்பினாங்க, மொளச்சிச்சி. வேணும்ன்றத வுட்டுட்டு வேணாம்ன்றத வெட்டினாங்க. இந்தப் பாலையப் பாரு, அந்த இலுப்பையப் பாரு. துன்றதுக்கும் எண்ணெய்க்கும் ஆவுற மரமா பக்கத்துப் பக்கத்துல நிக்கிது. தானா நிக்குமா?"

"பறவை விதையைக் கொண்டுவந்து போட்டிருக்கும்க்கா."

"குருவி போட்டதும் இருக்குது. மனுசன் போட்டதும் இருக்குது. குருவிய மட்டும் எழுதிக்கிற நீ."

நான் குருவியை மட்டும்தான் எழுதினேன். பானையோடுகளுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. அவற்றை எடுத்துக் கயிற்றுக்கு வெளியே எறிந்தேன். அறிக்கையின் முதல் வரியில், 'மனிதக் கை படாத தொன்மையான இயற்கைக் காடு' என்று எழுதினேன். எங்கள் இயக்குநருக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. கை படாத காடு என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு அங்கே கண்ணில் படும் கையெல்லாம் களவு செய்யும் கையாகிவிடும் என்று நான் யோசிக்கவில்லை.

இன்று நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அமேசான் காட்டைப் பழங்கால மக்கள் எப்படி வளர்த்தார்கள், அவர்கள் விட்டுப்போன கறுப்பு மண்ணில் எந்தெந்த மரங்கள் கூட்டமாக நிற்கின்றன, கிழங்கையும் கொட்டையையும் நட்டு நட்டுக் காட்டையே எப்படித் தோட்டமாக்கினார்கள் என்று படம் போட்டு விளக்குவேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். போன வருஷம் ஒரு மாணவி எழுந்து, "நம்ம பக்கம் இந்த மாதிரி எதுவும் இல்லையா சார்?" என்று கேட்டாள். "நம்மிடம் போதுமான சான்று இல்லை," என்று சொன்னேன். சொல்லும்போது என் காது சுட்டது. சான்றைத் தூக்கி எறிந்தவன் நான்தானே.

சுனாமி வந்தது. மீனவர் குப்பங்களின் சாவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பேசத்தான் வேண்டும். உப்பளங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பாத்தி பாத்தியாக மிதித்துச் சமன் செய்த தரையெல்லாம் கடற்சேற்றில் புதைந்துவிட்டது. தை மாதம் தொடங்க வேண்டிய வேலை அந்த வருஷம் கோடைவரைக்கும் தொடங்கவில்லை. நிவாரணம் கொடுத்தவர்கள் கரையோரத்தோடு திரும்பிப் போனார்கள். மேட்டுக்குப் பின்னால் இருந்த ஒன்பது வீடுகள் யார் பட்டியலிலும் இல்லை. அந்த மூன்று மாதமும் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது காட்டுவள்ளியால்தான். வேகவைத்த கிழங்கை அக்கா ஒருநாள் எனக்கும் கொடுத்தார். தோல் உரித்து, உப்பு தொட்டு, நன்றாகவே தின்றேன்.

மாசிக் கடைசியில் இயக்குநர் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் மண் கிளறிய தடம். முகம் சுருங்கிவிட்டது. "சேதத்தை அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு குழியும் எத்தனை ஆழம், எத்தனை அகலம் என்று வேண்டும்," என்றார்.

அளந்தேன். அக்கா அந்த வாரம் அனுமந்தைக் கரையில் தற்காலிகக் குடிசை கட்டும் வேலைக்குப் போயிருந்தார். பன்னிரண்டு சதுரத்துக்குள்ளும் நாற்பத்தொரு குழிகள், கொடி நின்ற இடமெல்லாம். மூடிய குழியின் ஆழத்தை எப்படி அளப்பது? மறுபடி தோண்டினேன். ஒவ்வொன்றிலும் அந்தத் தலை இருந்தது. சிலவற்றில் வெள்ளையாக வேர் விட ஆரம்பித்திருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன், அளவுகோலை இறக்கினேன், எண்ணை எழுதினேன், அடுத்த குழிக்குப் போனேன். திரும்ப மூடவில்லை. மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பத்தொரு தலைகளும் பங்குனி வெயிலில் காய்ந்தன. படிவத்தில் அவற்றை 'தோண்டியவர்கள் விட்டுச்சென்ற கழிவு' என்று குறித்தேன்.

நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இதுவரைக்கும் நடந்தது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கார்த்திகையில் இரண்டாம் கணக்கெடுப்புக்குப் போனேன். காடெங்கும் காட்டுவள்ளி கிளம்பியிருந்தது. பாலைமேல், வீரைமேல், எதைப் பிடிக்கலாம் என்று தேடும் இளங்கொடிகள். என் முதல் சதுரத்துக்கு வந்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொடி, இந்தப் பக்கம் கொடி. உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவது சதுரத்துக்கு ஓடினேன். அங்கேயும் அப்படியே. மூன்றாவதில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்கத் தெரியாத குழந்தைக்குக்கூடப் புரியும்படி, மரங்களுக்கு அடியில் பத்துக்குப் பத்து மீட்டர் கொடியில்லாத வெறும் தரை கிடந்தது. நான் செய்தது என்ன என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவும் அந்தக் குடியிருப்புப் பெண்களும் அந்தக் காட்டிலிருந்து எடுக்கவில்லை, பயிர் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பயிரைத் தலையோடு பிடுங்கிப் போட்டவன் நான்.

அறையில் உட்கார்ந்து எண்களை எழுதினேன். சதுரங்களுக்குள் போன வருஷம் இத்தனை கொடி, இந்த வருஷம் இல்லை. எண் எதுவும் பொய் இல்லை. இயக்குநர் அதைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். "பார்த்தீங்களா? ஒரே வருஷத்தில் அழிச்சிட்டாங்க!" நான் தலையாட்டினேன். முனைவர் பட்டத்துக்கு என்னைப் பரிந்துரைக்கும் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'காட்டுக்குச் சேதம் விளைவிப்போர்' என்று ஒரு பட்டியல் கேட்டார். ஒன்பது வீட்டுக்கு ஒன்பது பெயர் எழுதினேன். முதலில் அக்காவின் பெயர். எனக்கு முழுதாகத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான்.

தை மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம். கோயில் நிர்வாகத்தினர், ஊர்ப் பெரியவர்கள், இயக்குநர், நான். கிழங்கு தோண்டும் பருவம் அது. அந்த மழையில் உப்பளம் இன்னும் காயவில்லை, வேலை தொடங்கவில்லை. இயக்குநர் அறிக்கையைப் படித்தார். இனிமேல் காட்டுக்குள் யாரும் கடப்பாரையோடு நுழையக்கூடாது, சுற்றிலும் முள்கம்பி வேலி. அக்காவையும் குடியிருப்பின் வேறு இரண்டு பெண்களையும் கூப்பிட்டு மண்டபத்துக்கு வெளியே நிற்க வைத்திருந்தார்கள்.

"இன்னாம்மா சொல்ற? கொடிய வேரோட அழிச்சிட்டீங்கன்னு எழுதியிருக்குது," என்றார் நிர்வாகத்தில் மூத்தவர்.

"தலய வெச்சித்தான் மூடினோங்க. கயித்துக்குள்ள மட்டும்தான் வரல. கயித்துக்கு வெளிய அம்புட்டும் வந்திருக்குது. தோ, நூறடிதான். ஒரு நட வந்து பாருங்க."

யாரும் எழவில்லை. மூத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க படிச்சவரு. கயித்துக்குள்ள வரல, வெளிய வந்திருக்குதுன்னுது இந்தப் பொண்ணு. அது ஏன்? நீங்க சொன்னா சரி."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான், இப்போது சொல்லிவிடுவான் என்ற பார்வை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"மண்... மண்ணுல வித்தியாசம் இருக்கலாங்க," என்றேன்.

பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பயமும் இருந்தது, அந்தக் கடிதமும் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. கடப்பாரை தூக்கும் ஓர் இருளப் பெண் சொன்னது சரி, புத்தகத்தோடு போன நான் செய்தது தப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் படிப்பு என்னை அந்த அளவுக்குத்தான் ஆளாக்கியிருந்தது.

அன்றே தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பெண்களும் வெளியிலிருந்தே திரும்பிப் போனார்கள்.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் குடியிருப்புக்குப் போனேன். அக்கா வாசலில் ஒரு முறத்தில் குருணை புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழியை அளந்தது, தலையை வெளியே எடுத்துப் போட்டது, கார்த்திகையில் புரிந்தது, தெரிந்தே பொய் சொன்னது. அழுதுவிட்டேன். சொல்லி முடித்ததும் மனசு லேசானதுகூட உண்டு. அவர் திட்டுவார், அல்லது போகட்டும் என்பார், இரண்டில் எதுவானாலும் எனக்கு விடுதலை என்று நினைத்திருந்தேன்.

முறத்தைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஏன் சார் சொல்ற? அனுமந்தையிலேர்ந்து வந்த அன்னிக்கே எனக்குத்தான் தெரியுமே. எலி இழுத்தா ஒன்னொன்னயும் குழிப் பக்கத்துல ஒழுங்கா வெச்சிட்டா போவும்? கயித்துக்குள்ள மட்டும்தான் எடுத்திருந்தது. கயிறு யாருது?"

முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியாதவங்க கோயில்ல இருக்காங்க. நாளைக்கு அமாவாச, அல்லாரும் வருவாங்க. அங்க வந்து சொல்லு. இன்னும் ஒரு மாசத்துக்குக் கெழங்கு மண்ணுல இருக்குது, இப்ப சொன்னாலும் எங்களுக்கு ஒதவும்." கொஞ்சம் யோசித்தார். "தனியா நிக்க ஒனக்குக் கூச்சமா இருக்கும். நான் கூட வர்றேன். காலையில கோயில் ரோட்டு மொனையில நிக்கிறேன், ரெண்டு பேருமா போலாம்."

"சரிக்கா. வர்றேன்," என்றேன்.

காலையில் பெட்டியைக் கட்டினேன். சென்னைக்குப் போகும் முதல் பஸ்ஸைத் தவறவிட்டு இரண்டாவது பஸ்ஸில் ஏறினேன். அந்த பஸ் கோயில் முனையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது ஏறி உட்கார்ந்தபிறகுதான் நினைவு வந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார். துவைத்த புடவை, எண்ணெய் வைத்து வாரிய தலை. நான் வரவேண்டிய பாதையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பஸ் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார். நான் முன்சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, கூனிமேடு வரும்வரை தேடுகிறவனைப்போலக் குனிந்தே இருந்தேன்.